கேப்டன் எத்தனை சொன்னாங்க?

கனசாவா, நவம்பர் 27

மசயோ,

ஒரு பெண் "இப்ப வலி இல்லை" என்று சொன்னால், வலி போய்விட்டது என்று எடுத்துக்கொள்வதா, சொல்வதை விட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொள்வதா? எனக்கு விடை தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் வலியைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் இதை வேறு யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

விடுதிக்கு நேற்று அழைத்தேன். ஜனவரி தொடரோட்டம் முடியும்வரை எல்லோருடைய கைபேசியும் பெட்டிக்குள், கோச் தன்னுடையதையும் போட்டுப் பூட்டிவிட்டார் என்று சமையல்கார அம்மா சொன்னார். எனக்காகப் பூட்டினாயோ என்று ஒரு கணம் தோன்றியது. கடைசியாக நாம் பேசியபோது நீ சொன்னது, "முதுகுல குத்திட்ட ரிட்சு." நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். பதில் இதோ.

உன் அணிப் பெண்களின் வலி எண்களை நான் மாநாட்டில் வாசிக்கவில்லை. காரணம் உன்மேல் உள்ள கோபம் அல்ல. மே மாதம் நானே மியாசாகிக்கு வந்து, ஒவ்வொருத்தியையும் தனியே உட்கார வைத்து, மாதவிடாய் வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். ஆறு, ஏழு, எட்டு என்றார்கள். சயோரி மட்டும் இரண்டு என்றாள்; அணித்தலைவி இல்லையா. அதன்பின் வெப்பப் பொதி, இடுப்பைத் தூக்கி இறக்கும் பயிற்சி, தொப்புளுக்குக் கீழே ஒட்டும் அந்த மின்தூண்டல் பெட்டி எல்லாவற்றையும் ஆரம்பித்தோம். நான்கே மாதத்தில் எல்லோரும் ஒன்று, இரண்டு. நீ அணியை நடத்தும் கம்பெனிக்கு வெற்றி அறிக்கை அனுப்பினாய்.

ஆனால் பெட்டிகளில் பாதி போலி. முதல் நிமிடம் லேசாகக் கிள்ளிவிட்டு மின்சாரம் நின்றுவிடும், விளக்கு மட்டும் எரியும். எது போலி என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, செய்துகொடுத்தவருக்குத்தான் தெரியும். மாநாட்டுக்கு முன்தினம் அவரிடம் கேட்டுப் பிரித்துப் பார்த்தேன். போலிப் பெட்டி கட்டிக்கொண்டவர்களுக்கும் ஒன்று, இரண்டு.

நம்பிக்கையால் குறைந்தது என்று எழுதலாம். பலர் எழுதுகிறார்கள். ஆனால் அக்டோபர் ஓட்டத்தன்று காலையில் இபுகி சொன்ன எண் இரண்டு. அன்று மதியம் அவள் சாலையோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். இரண்டுக்கு யாரும் அப்படி உட்காருவதில்லை.

ரிட்சுகோ


மியாசாகி, டிசம்பர் 3

ரிட்சு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எங்கே திட்டலாம் என்று இடம் தேடித்தான்.

நீ வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிறவள். நான் இந்தப் பன்னிரண்டு பேரோடு தூங்கி எழுகிறவள். முன்பெல்லாம் மாதத்தில் நாலு நாள் மாடி வராந்தாவில் யாராவது சுருண்டு கிடப்பார்கள். இப்போது ஒருத்தியும் கிடப்பதில்லை. மாத்திரையும் இல்லாமல்! சளி மருந்து குடித்து ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய ஒருத்தியை இரண்டு வருஷம் ஓடவிடாமல் உட்கார வைத்த பிறகு இந்த விடுதிக்குள் மருந்து என்ற பேச்சே கிடையாது. சாதாரண வலி மாத்திரை தடையில் இல்லை என்று நீ திரும்பவும் எழுதுவாய். தெரியும். பயம் பட்டியலைப் பார்த்து வருவதில்லை.

எண்களைச் சந்தேகப்படுகிறாய். கேட்பது யார்? நான். எப்படி? ஒளிவுமறைவு இல்லாமல். மாதக் கடைசி நாள் இரவுச் சாப்பாட்டில், சூப் ஊற்றுவதற்கு முன்னால், "எண் சொல்லுங்கடி" என்பேன். சயோரி முதலில். "ஒண்ணு, கோச்!" அவள் குரலைக் கேட்டாலே எனக்குத் தெம்பு வரும். பிறகு தோமோகா, அப்படியே வயது வரிசையில் இறங்கிக் கடைசியில் இபுகி. கால் நிமிஷத்தில் முடிந்துவிடும். நீ எழுதி வைத்த மாதிரி ஒவ்வொருத்தியையும் தனி அறையில் வைத்துக் கேட்க எனக்கு ஏது நேரம்? ஒரே பானையில் சாப்பிடுகிறவர்களுக்குள் என்ன ரகசியம்?

இப்போது நிஜமான கவலைக்கு வா. கம்பெனி மேலாளர் என்னைப் பார்க்க வந்து போனார். "குசகாபே-சான், போன தடவை கை மாத்திக் கொண்டுபோற துணிப்பட்டை இபுகியோட பாதி வழியிலேயே நின்னு போச்சு. ஜனவரியிலும் நின்னா அந்தப் பொண்ணை ஊருக்கு அனுப்பிடுவோம்," என்றார். தேநீரைக் கூடக் குடிக்காமல் சொன்னார். இபுகிக்குப் பத்தொன்பது வயது. ஓடுவதைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாள் கணக்குப் பார்த்தேன். சரியாக ஓட்டத்தன்றுதான் அவளுக்கு வரும்.

அவளுக்கு உன் பெட்டி வேலை செய்கிறதா, இல்லையா? அதை மட்டும் சொல். மாநாட்டை விடு.

மசயோ


கனசாவா, டிசம்பர் 8

மசயோ,

நீ கோபத்தில் எழுதிய ஒரு பத்தியில் நான் தேடியது இருக்கிறது. எண் எப்படிக் கேட்கப்படுகிறது என்று நான் உன்னிடம் விசாரிக்கவே இல்லை. எழுதிக் கொடுத்தபடி நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சயோரி "ஒண்ணு" என்ற பிறகு, அவளைவிட எட்டு வயது சின்னவள் அதே மேசையில் "ஏழு" என்பாளா? உன் விடுதியில்? குளியல் தொட்டியில்கூட மூத்தவள் இறங்கும்வரை மற்றவள் துண்டோடு நிற்கிறாளே?

எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதத்தில் ஒருத்திகூடச் சயோரிக்கு மேல் ஒன்றுக்கு அதிகமாகப் போகவில்லை. ஆகஸ்டில் மட்டும் சயோரி நான்கு சொல்லியிருக்கிறாள். அந்த மாதம் அவளுக்குக் கணுக்கால் சுளுக்கு. எந்த வலியைக் கேட்கிறாய் என்று குழம்பியிருப்பாள். அந்த மாதம் மேசை முழுவதும் மூன்றும் நான்கும். செப்டம்பரில் அவள் ஒன்றுக்குத் திரும்பினாள். எல்லோரும் கூடவே திரும்பினார்கள். அவர்களுடைய வயிறுகள் அவளுடைய கணுக்காலோடு சேர்ந்து குணமாயின என்று நான் எந்த மாநாட்டில் போய் வாசிப்பது?

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இபுகிக்குப் பெட்டி வேலை செய்கிறதா என்று எனக்குத் தெரியாது. வெப்பத்தால் பலருக்கு ஓரளவு குறைகிறது, மின்தூண்டலால் சிலருக்குக் குறைகிறது. இவள் எந்தப் பக்கம் என்று இவள்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை வரிசையைத் திருப்பிப் பார். சின்னவள் முதலில்.

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. சனி, ஞாயிறுகளில் நான் வாய் திறப்பது கடைக்காரப் பையன் "பை வேணுமா?" என்று கேட்கும்போது மட்டும். வேண்டாம் என்பேன். அதனால் உன் கடிதத்தில் திட்டு இருந்தாலும் பரவாயில்லை, நீளமாக எழுது.

ரிட்சுகோ


மியாசாகி, டிசம்பர் 17

ரிட்சு,

மாதக் கடைசிவரை காத்திருக்கவில்லை. செய்து பார்த்தேன். சந்தோஷமா?

"இன்னிக்கு இபுகியிலிருந்து ஆரம்பிக்கலாம். போன தடவை எத்தனை?" என்றேன்.

சாப்பாட்டுக் குச்சியை எடுத்த கைகள் அப்படியே நின்றன. இபுகியின் காது சிவந்துவிட்டது.

"கோச்... நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"தப்பெல்லாம் இல்லடி. எண்ணைச் சொல்லு."

அவள் சயோரியைப் பார்த்தாள். சயோரி மீன் முள்ளைப் பார்த்தாள். தோமோகாதான், "சொல்லித் தொலையேன் தாயே, சூப்பு ஆறுது," என்றாள்.

"பூஜ்யம்," என்றாள் இபுகி.

அடுத்தவளும் பூஜ்யம். சயோரிவரை பூஜ்யம். பன்னிரண்டு பேரையும் உன் விஞ்ஞானம் ஒரே மூச்சில் குணப்படுத்திவிட்டது. வாழ்த்துகள்.

நான் இதை எழுதிவிட்டு உன்னைக் கிண்டல் செய்து முடித்திருப்பேன். நேற்று வேறொன்று நடந்தது. மலைப்பாதைப் பயிற்சியில் இபுகி பின்தங்கினாள். வண்டியில் ஏற்றிக்கொண்டேன். இருக்கையில் மடங்கி உட்கார்ந்திருந்தாள். மேல்சட்டையை உயர்த்தச் சொன்னேன். ஒட்டு வெப்பப் பொதியை வெறும் தோலின்மேல் ஒட்டிக்கொண்டு இரவு முழுவதும் தூங்கியிருக்கிறாள். ஒரு நாள் அல்ல. தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குத் தோல் பழுப்பாக வெந்திருக்கிறது, ஓரத்தில் கொப்புளம். பூஜ்யம் சொன்ன பெண்ணின் வயிறு, ரிட்சு.

"எத்தனைடி?" என்றேன்.

"கேப்டன் எத்தனை சொன்னாங்க, கோச்?"

"வண்டியில கேப்டன் இல்ல. நீயும் நானும்தான்."

கண்ணாடியைத் துடைத்தாள். வெளியே ஒன்றும் இல்லை, வெறும் தேவதாரு மரங்கள்.

"நான் நிஜத்தைச் சொன்னா ஜனவரியில எனக்குப் பதிலா தோமோகா அக்காவை ஓட விட்டுடுவீங்க."

வண்டியைக் கிளப்பினேன். அவள் சொன்னது சரி.

விடுதிக்கு வந்தோம். சாப்பாட்டு அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் கதவை நகர்த்தியதும் நின்றது. தினமும்தான் நிற்கிறது, நேற்றுத்தான் கவனித்தேன்.

மசயோ


கனசாவா, டிசம்பர் 22

மசயோ,

முதலில் தோல். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். தோல் மருத்துவரிடம் காட்டு. ஆறும்வரை அந்த இடத்தில் எதையும் ஒட்டாதே, பெட்டியையும்கூட. வெப்பத்தை முதுகின் கீழ்ப்பக்கம் வைக்கலாம், துணிக்கு மேல், விழித்திருக்கும்போது மட்டும். இரண்டாவது, அவளை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போ. இவ்வளவு வலிக்கு உள்ளே வேறு காரணம் இருக்கக்கூடும். வெப்பமும் மின்சாரமும் அதைக் கண்டுபிடிக்காது, மறைத்து வைக்கும்.

மூன்றாவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியும்.

வரிசையைத் திருப்பினால் போதும் என்று நினைத்தது என் பிழை. வரிசை அல்ல விஷயம். வலியைக் கேட்கிறவளும் ஓடுகிறவளைத் தேர்ந்தெடுக்கிறவளும் ஒருத்தியே. அவள் கேட்கும்போது எண் வலியின் அளவாக இருக்காது, விண்ணப்பமாகிவிடும். "ஓட விடுங்கள்" என்பதைத்தான் "ஒன்று" என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடு: எண் எதுவானாலும் பெயர்ப்பட்டியல் மாறாது. மருத்துவர் ஓடக்கூடாது என்றால் வேறு. மற்றபடி ஓடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். கொடுத்தால் காப்பாற்ற வேண்டும், தோற்றாலும்கூட. ஒரு தடவை மீறினால் இன்னும் முப்பது வருஷத்துக்கு உனக்கு ஒன்றும் இரண்டும்தான் கிடைக்கும்.

நீ ஓடிய காலத்தில் யாரும் உன்னிடம் இப்படி ஒரு வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நீ எந்த எண்ணைச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. கல்லூரியில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தோம், உன் முதுகை நான்தான் அழுத்திவிடுவேன். "போதும், போயிடுச்சு" என்பாய். நான் நம்பித் தூங்கிவிடுவேன்.

ரிட்சுகோ


மியாசாகி, ஜனவரி 8

ரிட்சு,

புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்பவில்லை. கோபத்தால் அல்ல, எல்லோருக்கும் அதே நாலு வரி எழுதுகிற அட்டையில் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தோல் ஆறிவிட்டது. மகப்பேறு மருத்துவரிடம் போனோம். உள்ளே கெடுதலாக எதுவும் தெரியவில்லை, ஓடலாம் என்றார். மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார். "தடை கிடையாது, சாப்பிடலாம்," என்று நானே சொன்னேன், குறித்துக்கொள். இபுகி தலையை ஆட்டினாள். "வேண்டாம் கோச், ராத்திரியெல்லாம் அதையே நினைச்சிட்டு இருப்பேன்." நான் ஊட்டிய பயம்தானே, என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். ஆகவே உன் பெட்டியும் வெப்பமும்தான்.

வாக்கு என்னால் முடியாது. நீ ஆராய்ச்சிக்காரி, ஓர் எண் தவறினால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பாய். இங்கே ஆறு பேர் ஒரே துணிப்பட்டையை வியர்வையோடு கை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பின்தங்கினால் அடுத்தவள் காத்திருக்கவும் முடியாது. குறித்த நேரத்தில் துப்பாக்கி வெடித்ததும் வேறொரு வெள்ளைப் பட்டையைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். வந்து சேர்கிறவள் தன் பட்டையைக் கொடுக்க ஆள் இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். நீ அதைப் பார்த்ததில்லை. காலையில் ஏழு என்று ஒருத்தி சொல்ல, எனக்குப் பக்கத்தில் நல்ல உடம்போடு தோமோகா உட்கார்ந்திருக்க, நான் எப்படிப் பேசாமல் இருப்பது?

நீ வா. நீ கேள். உன்னிடம் சொல்லட்டும், நான் காதில் விழாத மாதிரி இருந்துவிடுகிறேன். ஓட்டம் பதினெட்டாம் தேதி. விடுதியில் ஒரு படுக்கை காலியாகத்தான் இருக்கிறது.

உனக்கு எழுதுகிற அன்றுதான் நான் நாலு வார்த்தை பேசிய மாதிரி இருக்கிறது.

மசயோ


கனசாவா, ஜனவரி 17, மாலை

மசயோ,

வர முடியாது என்று விரைவு அஞ்சலில் எழுதியிருந்தேன். நீ பதில் போடவில்லை. போட வேண்டிய கடிதமும் அல்ல அது. நாடு முழுவதும் நுழைவுத் தேர்வு. இன்றும் நாளையும் நான் மேற்பார்வைப் பணியில் இருக்கிறேன். மாற்றிக்கொள்ள யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் வந்து இபுகியைத் தனியே கேட்டால் உண்மையைச் சொல்வாள். அதைக் காதில் வாங்காதவள் போல நீ நடிப்பாய். பெயர்ப்பட்டியல் உன் கையில்தான் இருக்கும். அடுத்த மாதம் நான் இல்லாதபோது அவள் மறுபடி சயோரியைப் பார்ப்பாள்.

இந்தக் கடிதம் ஓட்டத்துக்கு முன் உன்னை வந்து சேராது. தெரிந்தேதான் எழுதுகிறேன். நீ வாக்குக் கொடுக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். உன்மேல் குறை இல்லை. உன் இடத்தில் நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். இங்கே உட்கார்ந்துகொண்டு கொடுத்திருப்பேன் என்று சொல்வது எளிது.

இன்று முழுவதும் தேர்வு அறையில் சுவரோரமாக நின்றேன். மேற்பார்வையாளர் செருப்புச் சத்தம்கூட வரக்கூடாது. எனக்கு அது சிரமமாக இல்லை.


ஜனவரி 18, இரவு

கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. இன்று நடந்ததை இதிலேயே எழுதுகிறேன். பாதிக்கு மேல் நீயே சொன்னதுதான். ஆனால் நீ பேசிய வேகத்தில் என்னென்ன சொன்னாய் என்பது உனக்கு நினைவிருக்காது.

கடைசித் தேர்வு முடிந்து, விடைத்தாள்களை ஒப்படைத்துவிட்டு, வளாக வாசலில் பேருந்துக்கு நின்றபடி கைபேசியை இயக்கினேன். நாலு தவறிய அழைப்புகள். ஐந்தாவதாக மறுபடி அடித்தது.

"ரிட்சு! செத்தா போயிட்ட? எத்தனை தடவை அடிக்கறது!"

"தேர்வு. எண்?"

"நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டா. எண் வேணும் இவளுக்கு." பின்னால் உங்கள் பேருந்தின் இரைச்சல். "காலையில எல்லாரும் சோத்து உருண்டையைக் கையில வச்சிட்டு இருந்தாங்க. நான் எழுந்து நின்னேன். யார் என்ன எண் சொன்னாலும் பட்டியல்ல இருக்கறவதான் ஓடுவா, நான் சொன்னா சொன்னதுதான்னேன். சொல்லும்போதே வாய் கசந்துது. இபுகி, சொல்லுன்னேன்."

"சொன்னாளா?"

"ஏழு."

கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தோமோகா, 'அடிப்பாவி, ஏழா!'ன்னு கத்திட்டா. அப்புறம் அவளே போய் உன் பெட்டியை எடுத்துட்டு வந்து கட்டிவிட்டா. முதுகை அழுத்திவிட்டா. தன் இடத்துல ஓடப் போறவளுக்கு! நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"கட்டின பிறகு?"

"அஞ்சு. நாலுன்னு சொல்லலாமான்னு என்னைக் கேட்டா. அஞ்சுன்னா அஞ்சுன்னே சொல்லுன்னேன்."

பிறகு நீ ஓட்டத்தைச் சொன்னாய். இபுகி மூன்றாவது பகுதியில் ஆறாவதாகப் பட்டையை வாங்கிப் பதினோராவதாகக் கொடுத்தாள். அழுதுகொண்டே ஓடினாள்; ஆனால் கொடுத்தாள். வெள்ளைப் பட்டை தேவைப்படவில்லை. அணி கடைசியில் பத்தாவது. முதல் எட்டுக்குள் வந்திருந்தால் அடுத்த வருடம் தகுதிச் சுற்று இல்லாமலே நேரடி இடம்.

"தோமோகாவை விட்டிருந்தா ஏழாவது வந்திருப்போம்," என்றாய்.

"தெரியும்."

"மேலாளர் மூஞ்சியைப் பார்க்கணுமே. பட்டை போய்ச் சேர்ந்துடுச்சு இல்ல, வார்த்தை மாறக் கூடாதுன்னேன். இபுகி இருப்பா. உன்னை நான் இன்னும் மன்னிக்கல, புரியுதா?"

"சரி."

பிறகு தாழ்ந்த குரலில், பெண்களுக்குக் கேட்காதபடி:

"இன்னொண்ணு. ஏழுன்னு இபுகி சொன்னதும் சயோரி எழுந்து நின்னா. அவளுக்கு நாள் இன்னிக்கு இல்ல, போன வாரமே முடிஞ்சுது. 'கோச், எனக்கு எட்டு'ன்னா. எப்பலேர்ந்துடின்னேன். 'நான் இங்க வந்ததுலேர்ந்து'ன்னா. பெட்டி கட்டினாலும் எட்டேதானாம். ஒரு மாசம்கூடக் குறைஞ்சதில்லையாம். ஒன்பது வருஷம், ரிட்சு. என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டிருக்கா."

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. நாளைக்கே."

"ஆமா. நாளைக்கே."

என் கணக்கு இது. இபுகிக்கு ஏழு ஐந்தானது. சயோரிக்கு எட்டு எட்டாகவே இருந்தது. இருவருடையதும் போலி அல்ல, மின்சாரம் வரும் பெட்டி, பட்டியலில் இப்போதுதான் பார்த்தேன். ஒருத்திக்குச் சிறிது உதவியிருக்கிறது, ஒருத்திக்கு உதவவில்லை. இதற்குமேல் எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மற்ற எண்களை எல்லாம் ஒதுக்கிவிட்டேன். வசந்தத்தில் மறுபடி ஆரம்பிக்கலாம், நீ சம்மதித்தால்.

"நாளைக்கே" என்ற பிறகும் நீ அழைப்பைத் துண்டிக்கவில்லை. கைபேசியை இருக்கைமேல் போட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். யாரோ சன்னலைச் சாத்தச் சொன்னார்கள். தோமோகா, "கேப்டன் அக்கா, நீங்க படுத்துக்கோங்க, நான் பின்னாடி போறேன்," என்றாள். சயோரி வேண்டாம் என்றாள். பிறகு படுத்தாள் போலிருக்கிறது. இபுகி ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், என்னவென்று கேட்கவில்லை. நீ அங்கே இருக்கும்போதே சிரித்தார்கள். என் பேருந்து வந்து, நின்று, போயிற்று. பனியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏதோ சுரங்கப்பாதைக்குள் நுழைந்திருக்க வேண்டும், இணைப்பு அறுந்தது. அடுத்த பேருந்தில் வீட்டுக்கு வந்தேன்.

ரிட்சுகோ